தொட்டி மீன் சோர்ந்து கிடக்கிறதா? மருந்துப் புட்டியைத் திறக்குமுன் அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

"மீன் ஒரு மாதிரியா இருக்கு, என்ன மருந்து போடலாம்?" என்று கேட்டுத்தான் தெரிந்தவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: ஒரு மீன் மட்டுமா, எல்லா மீனுமா, அல்லது நாளுக்கொன்றாகப் படுக்கிறதா?

எல்லா மீனும் ஒரே நாளில் சோர்ந்தால் கோளாறு தண்ணீரில் இருக்கிறது. எந்தக் கிருமியும் நேற்று மாலை நன்றாக இருந்த பத்து மீனையும் இன்று காலைக்குள் ஒன்றாகச் சாய்ப்பதில்லை. ஒன்று மட்டும் படுத்து மற்றவை துள்ளிக்கொண்டிருந்தால், அது அந்த மீனின் சொந்தச் சிக்கல். அடி, மலச்சிக்கல், முதுமை, மற்ற மீன்களின் தொல்லை என்று ஏதாவது இருக்கும். முதலில் ஒன்று, இரண்டு நாள் கழித்து இன்னொன்று, பிறகு மூன்று என்று பரவினால் அது தொற்று. மருந்துக்கு வேலை வருவது பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையில்தான்.

கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் இந்தக் கேள்வியைக் கையிலேயே வைத்திருங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்வது

தெர்மாமீட்டரைப் பாருங்கள். ஹீட்டர் ஓயாமல் ஓடி நீரைச் சூடாக்கியிருக்கலாம், அல்லது செத்துப்போய் நீர் குளிர்ந்திருக்கலாம். ஹீட்டர் கண்ணாடியில் விரிசல் தெரிந்தால் நீருக்குள் கை விடாதீர்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஃபில்டரிலிருந்து வரும் நீரின் வேகம் வழக்கம்போல் இருக்கிறதா என்று பாருங்கள். மீன்களை எண்ணுங்கள். கல்லுக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் ஒன்றே மற்றவற்றை நோயாக்கப் போதும்.

பிறகு டெஸ்ட் கிட், அதாவது நீரைச் சோதிக்கும் பெட்டி. அம்மோனியா 0, நைட்ரைட் 0 இருக்க வேண்டும். நைட்ரேட் 40 பிபிஎம் (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) தாண்டக் கூடாது, 20க்குள் இருந்தால் நிம்மதி. பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) எவ்வளவு என்பதைவிட, வழக்கமாக இருக்கும் அளவிலிருந்து மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. "தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கே" என்பார்கள். அம்மோனியாவுக்கு நிறமில்லை.

கடைசியாக, போன இரண்டு வாரத்தில் என்ன மாறியது என்று யோசியுங்கள். புது மீன், புதுச் செடி, புது உணவு, ஃபில்டர் கழுவியது, அறையில் அடித்த கொசு மருந்து, பெயிண்ட் வேலை. ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் இழுத்து நீருக்குள் விடுகிறது என்பது பலருக்கும் தோன்றுவதில்லை.

## மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது

எனக்கு வரும் அழைப்புகளில் அதிகம் இதுதான். மருந்தே தேவைப்படாததும் இதுதான். முதலில் ஒரு விதிவிலக்கு: ஃபைட்டர், கௌராமி போன்றவற்றுக்கு மேற்பரப்புக் காற்றை நேராகச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு. அவை அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு இறங்கினால் அது இயல்பு. மேலேயே தொங்கிக்கொண்டு செவுள் படபடத்தால்தான் சிக்கல்.

எல்லா மீனும், விடியற்காலையில் மட்டும். ஆக்சிஜன் குறைவு. இரவில் செடிகளும் ஆக்சிஜனை இழுக்கும். செடித் தொட்டிக்கு கார்பன் டை ஆக்சைடு விடுகிறவர்கள் இரவில் அதை நிறுத்திப் பார்க்க வேண்டும். கோடையில் இது கூடும். 25 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். ஏர் ஸ்டோனை (ஏர் பம்ப் காற்றைக் குமிழாக்கும் கல்) போடுங்கள், அல்லது ஃபில்டர் வாயை மேற்பரப்பு கலங்கும்படி திருப்புங்கள். அரை மணி நேரத்தில் மீன் கீழே இறங்கினால் நோய் கண்டுபிடித்தாயிற்று, வைத்தியமும் முடிந்தது.

எல்லா மீனும், தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்துக்குள். குளோரின். குளோரின் நீக்கி மருந்தை உடனே முழுத் தொட்டி அளவுக்கும் போட்டு, காற்றைக் கூட்டுங்கள். "ஒரு நாள் பிடித்து வைத்த நீர்தானே?" என்ற கேள்வி வரும். வெறும் குளோரின் ஒரு நாளில், அதுவும் காற்றடித்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும். நீரில் கலந்திருப்பது குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) என்றால் பிடித்து வைப்பதால் போகாது. உங்கள் குழாய் நீரில் எது என்று தெரியாதவரை ஒவ்வொரு முறையும் நீக்கியைப் போடுவதே சரி.

எல்லா மீனும், நாள் முழுக்க, செவுள் சிவந்தோ பழுப்பாகவோ. அம்மோனியா அல்லது நைட்ரைட். தொட்டி வைத்து 6 வாரம் ஆகவில்லையா? இந்த இரண்டு நச்சையும் தின்னும் நல்ல பாக்டீரியா ஃபில்டரில் இன்னும் குடியேறவில்லை. பழைய தொட்டியா? ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் கழுவினீர்களா என்று பாருங்கள். தொடக்கத்தில் நானே செய்த தப்பு இது. பளபளவென்று கழுவிப் போட்டேன். மூன்றாம் நாள் கப்பிகள் எல்லாம் மேலே தொங்கின. அழுக்கென்று நினைத்து நான் கழுவி விட்டது அந்தத் தொட்டியின் ஈரலை. ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரில்தான் பிழிய வேண்டும்.

அம்மோனியா தெரிந்தால் பாதி நீரை மாற்றுங்கள், உணவை இரண்டு நாள் நிறுத்துங்கள், தினமும் சோதியுங்கள். நைட்ரைட் என்றால் கூடுதலாக லிட்டருக்கு 1 கிராம் உப்பு போடலாம். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மாதக்கணக்கில் நீர் மாற்றாத தொட்டியில் பி.எச். 6க்குக் கீழே இறங்கியிருக்கும். அப்போது அம்மோனியா அதிகம் தீங்கு செய்யாத அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும். அதில் பி.எச். 8 உள்ள நீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால், கிடந்ததெல்லாம் நச்சாக எழுந்துகொள்ளும். பி.எச். ஒரு எண் ஏறினால் நச்சு வடிவம் ஏறத்தாழ 10 மடங்காகும். "நல்லா சுத்தம் பண்ணினேன், அன்னிக்கே செத்துப்போச்சு" என்ற புலம்பல் பலவற்றின் கதை இதுதான். இப்படிப்பட்ட தொட்டிக்கு ஒரு நாளைக்கு 10 சதவீதம், அதற்கு மேல் வேண்டாம்.

ஒரு மீன் மட்டும், ஒரு பக்கச் செவுள் மட்டும் அசைகிறது. செவுள் புழுவாக இருக்கலாம். "தேய்க்கிறது" பகுதிக்குப் போங்கள்.

நீர்ச் சோதனை எல்லாம் சரி, காற்றும் போதும், ஆனாலும் இரண்டு நாளாக மூச்சு வாங்குகிறது என்றால் மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போக வேண்டிய இடம் இது. செவுளில் ஒரு துளி சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும். வீட்டில் ஐந்து மருந்து மாற்றிப் பார்த்தாலும் கிடைக்காது.

## உடம்பில் வெள்ளைப் புள்ளி

உப்புத்தூள் தூவியது போல, எண்ணக்கூடிய தனித்தனிப் புள்ளிகளா? அது வெள்ளைப்புள்ளி நோய். வளர்ப்பவர்கள் இக் என்று சொல்வது. எண்ண முடியாத அளவு பொடிப் பொடியாக, டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தங்கத் தூசு போல மின்னுகிறதா? அது வெல்வெட். இரண்டையும் குழப்பிக்கொண்டால் நாள் வீணாகும். வெல்வெட்டுக்கு அந்த நாள் இருக்காது.

இக் என்றால். மீனின் மேல் தெரியும் புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. முற்றியதும் உதிர்ந்து தொட்டித் தரையில் கூடு கட்டிப் பெருகும். பிறகு நூற்றுக்கணக்கில் வெளியே நீந்திவந்து ஓரிரு நாளுக்குள் மீனைத் தேடிப் பிடிக்கும். நீந்தும் அந்தக் கட்டத்தில்தான் மருந்து கொல்லும். அதனால்தான் "மருந்து போட்டும் புள்ளி கூடுது" என்பதும், "மூணாம் நாளே புள்ளி போயிடுச்சு, நிறுத்திட்டேன்" என்பதும் நடக்கின்றன. இரண்டாவதுதான் ஆபத்து. புள்ளி உதிர்ந்தது குணமானதால் அல்ல, பெருகப் போவதால்.

எளியது முதல் வரிசையாக இப்படிப் போங்கள்.

முதலில் வெப்பம். வெப்பமண்டல மீன் என்றால் சில மணி நேரத்துக்கு 1 டிகிரி வீதம் 29 அல்லது 30 வரை ஏற்றுங்கள். சுழற்சி விரைவாகி, ஒட்டுண்ணி வெளியே வரும் கட்டம் சீக்கிரம் வரும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஏர் ஸ்டோன் கட்டாயம். கோல்ட் ஃபிஷ் குளிர்நீர் மீன். அதை இவ்வளவு சூட்டில் போட்டு வாட்ட வேண்டாம், உப்போடு நிறுத்துங்கள்.

அடுத்து உப்பு. லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு. தனிப் பாத்திரத்தில் கரைத்து, இரண்டு நாளில் மூன்று நான்கு தவணையாக ஊற்றுங்கள். கப்பி, மோலி, கோல்ட் ஃபிஷ் இதைச் சிரித்துக்கொண்டே தாங்கும். செடிகள் தாங்காது. செதிலில்லாத லோச், கெளுத்தி வகைகளுக்குப் பாதி அளவில் தொடங்கிக் கவனியுங்கள்.

மூன்று நாளில் அடங்கவில்லை என்றாலோ, புள்ளி முகமெல்லாம் மூடிவிட்டது என்றாலோ மலக்கைட் கிரீன் அல்லது அதோடு ஃபார்மலின் சேர்ந்த மருந்து. புட்டியில் போட்ட அளவு, போட்ட இடைவெளி. செதிலில்லா மீன்களுக்குப் பாதி. கரி போட்ட ஃபில்டர் என்றால் கரியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தை அது குடித்துவிடும். ஃபார்மலின் நீரின் ஆக்சிஜனைக் குறைக்கும், உங்கள் கையையும் மூக்கையும் எரிக்கும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். மலக்கைட் கிரீன் பட்ட மீன் உண்ண ஆகாது.

எந்த வழியானாலும் கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். ஒரே மீனில்தான் புள்ளி என்றாலும் வைத்தியம் முழுத் தொட்டிக்கு. தரையில் கூடு கட்டியிருப்பது எல்லா மீனுக்கும் பொது.

வெல்வெட் என்றால். தொட்டி விளக்கை அணைத்துத் துணி போட்டு மூடுங்கள். இந்த ஒட்டுண்ணி செடியைப் போல ஒளியிலும் வாழும். தாமிரம் சேர்ந்த மருந்து வேலை செய்யும். தாமிரம் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும் என்பதால் அவற்றை முன்பே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். தாமிரத்துக்கான டெஸ்ட் கிட் இல்லாமல் தாமிரம் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி அவ்வளவு குறுகல்.

புள்ளி செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும், வரிசையாக. வளர்ந்த ஆண் கோல்ட் ஃபிஷ்தானே? அது நோயே இல்லை, இனப்பெருக்கக் காலத்தில் வரும் பரு. இதற்கு மூன்று வாரம் நீல மருந்து ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்.

புள்ளி அல்ல, காலிஃப்ளவர் போன்ற கட்டி. வைரஸால் வருவது. மருந்தில்லை. நீர் நன்றாக இருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சுருங்கும்.

## கல்லிலும் கண்ணாடியிலும் உடம்பைத் தேய்க்கிறது, புள்ளி எதுவும் இல்லை

நீர் மாற்றிய அன்று மட்டும் தேய்த்தால் குளோரின் அல்லது பி.எச். மாற்றம். இரண்டு நாள் பொறுங்கள். நாளுக்கு நாள் கூடினால் இக் இன்னும் கண்ணுக்குத் தெரியாமல் செவுளில் தொடங்கியிருக்கலாம். தினமும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஒரு வாரமாகியும் புள்ளி வரவில்லை, தேய்ப்பும் நிற்கவில்லை, ஒரு செவுளை இறுக்கி மூடி மறு செவுளால் மட்டும் மூச்சு விடுகிறது என்றால் செவுள் புழு. பிராசிகுவான்டல் மருந்து இதற்குப் பொருந்தும், மீனுக்கும் மென்மையானது. முட்டைகளை அது கொல்லாது என்பதால் ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை போட வேண்டும். முதல் முறையோடு நிறுத்தியவர்கள் மாதம் கழித்து மறுபடி அழைப்பார்கள்.

உடம்பிலிருந்து நூல் போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் நங்கூரப் புழு. தட்டையாக, நகரக்கூடிய பொட்டு போலத் தெரிந்தால் மீன் பேன். கோல்ட் ஃபிஷ்ஷிலும் கொய் கெண்டையிலும் அதிகம். ஈரத் துணியில் மீனைப் பிடித்து, இடுக்கியால் அடியோடு மெல்ல இழுத்து எடுக்கலாம். தொட்டியில் மிச்சமிருக்கும் குஞ்சுகளுக்குத் தனி மருந்து வேண்டும், அதை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

## வாலும் துடுப்பும் கிழிகிறது, கரைகிறது

ஓரத்தைப் பாருங்கள். நேராக, சுத்தமாக வெட்டியது போலிருந்தால் யாரோ கடிக்கிறார்கள். டைகர் பார்ப் இருக்கிற தொட்டியில் குற்றவாளியைத் தேட வேண்டியதே இல்லை. தனியாக இருக்கும் ஃபைட்டருக்கு இரவோடிரவாக வால் பாதி போனால் அது தானே கடித்துக்கொண்டது. பிளாஸ்டிக் செடி கிழித்திருக்கவும் வாய்ப்புண்டு.

ஓரம் பிசிறாக, வெள்ளை அல்லது சிவப்பு விளிம்போடு நாளுக்கு நாள் உள்ளே வந்தால் அது துடுப்பு அழுகல். பாக்டீரியா வேலை. ஆனால் அந்த பாக்டீரியா எந்தத் தொட்டியிலும் இருக்கும். நீர் கெட்டு மீன் தளர்ந்தபோதுதான் கை வைக்கும். எனவே முதல் வைத்தியம் ஒரு வாரம் தினமும் 25 சதவீத நீர் மாற்றம். லேசானவை இதிலேயே நின்றுவிடும். புதிதாக வளரும் துடுப்பு முதலில் கண்ணாடி போல நிறமின்றித் தெரியும். அதைப் பார்த்து மறுபடி பயப்பட வேண்டாம்.

அழுகல் துடுப்பின் அடி வரை வந்து உடம்புத் தசையைத் தொட்டுவிட்டால் நீர் மட்டும் போதாது. ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். மனிதருக்கான காப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவது வேண்டவே வேண்டாம். ஃபில்டர் பாக்டீரியா செத்து அம்மோனியா ஏறும், கிருமியும் மருந்துக்குப் பழகிவிடும். மருத்துவர் சொல்லும் மருந்து, அவர் சொல்லும் நாள் கணக்கு, அதுவும் தனித் தொட்டியில்.

## பஞ்சு ஒட்டியது போல

இரண்டு நோய் ஒரே முகத்தோடு வரும். நீட்டிக்கொண்டு அலையும் இழைகள், முன்பு அடிபட்ட ஓர் இடத்தில் மட்டும், மெதுவாக வளர்கிறது என்றால் பூஞ்சை. தனித் தொட்டியில் மெத்திலீன் ப்ளூ போட்டால் அடங்கும். பெரிய தொட்டியில் ஊற்றாதீர்கள், ஃபில்டர் பாக்டீரியாவைக் கெடுக்கும், கண்ணாடியை ஒட்டியிருக்கும் சிலிக்கோன் பசையும் நீலமாகும்.

வாயைச் சுற்றி வெண்சாம்பல் படலம், அல்லது முதுகில் சேணம் போட்டது போல வெளிறிய பட்டை, காலையில் ஒன்று மாலையில் இரண்டு எனப் பரவுகிறது என்றால் அது பூஞ்சையே அல்ல. கொலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. தீவிரமானால் ஓரிரு நாளில் தொட்டியைக் காலி செய்யும். இதற்கு வெப்பத்தை ஏற்றாதீர்கள், சூட்டில் இது வேகமெடுக்கும். மீன் தாங்கும் அளவுக்கு மெல்லக் குறையுங்கள், காற்றைக் கூட்டுங்கள், அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். இந்த ஒரு நோய்க்கு மட்டும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று நான் சொல்வதில்லை.

## கவிழ்ந்து மிதக்கிறது, அல்லது அடியில் கிடந்து எழ முடியவில்லை

உருண்டை உடம்பு கோல்ட் ஃபிஷ்ஷா? பெரும்பாலும் வயிறுதான். 2 முதல் 3 நாள் பட்டினி போடுங்கள். வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. பிறகு தோலுரித்து வேகவைத்த பச்சைப் பட்டாணியைச் சிறு துண்டாக நசுக்கிக் கொடுங்கள். இனிமேல் மிதக்கும் உருண்டை உணவை ஊறவைத்தே போடுங்கள். ஃபைட்டர் ஊனுண்ணி, அதற்குப் பட்டாணி வேண்டாம். பட்டினிக்குப் பிறகு டாப்னியா (நீர்த்தெள்ளு) கொடுத்தால் வயிறு இளகும்.

ஒரு வாரத்தில் சரியாகவில்லை என்றால் நீரின் வெப்பத்தையும் நைட்ரேட்டையும் பாருங்கள். குளிர்ந்த நீரில் செரிமானம் மந்தமாகும். நீர் மட்டத்தைக் குறைத்தால் மேலே கீழே போய்வரும் சிரமம் மீனுக்குக் குறையும். முதுகு நீருக்கு வெளியே காய்ந்து புண்ணானால் அதுதான் அவசரம். மாதக்கணக்கில் சாய்ந்தே நீந்தி, நன்றாகத் தின்று வாழும் மீன்களும் உண்டு. அவற்றைக் குணமாக்கியே தீருவேன் என்று வதைக்க வேண்டாம்.

## வயிறு உப்பியிருக்கிறது

மேலிருந்து பாருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பாதிதான் தெரியும்.

செதில் வழவழப்பாகப் படிந்திருக்கிறது என்றால் சினை, அதிகத் தீனி, அல்லது மலச்சிக்கல். மூன்று நாள் பட்டினி இவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். செதில்கள் காற்றில் தூக்கிக்கொண்ட கூரை ஓடு போலச் சிலிர்த்து நின்றால் டிராப்சி. இது நோயின் பெயரல்ல. சிறுநீரகம் நீரை வெளியேற்ற முடியாமல் உடம்பு ஊறியதன் அடையாளம்.

டிராப்சியில் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது: செதில் முழுக்க நின்றபின் மீள்வது அரிது. தொடக்கத்திலேயே பிடித்தால் தனித் தொட்டியில் 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கரைத்து வையுங்கள், அது நீரை வெளியே இழுக்க உதவும். எப்சம் உப்பு வேறு, சமையல் உப்பு வேறு. சமையல் உப்பு இங்கே வேண்டாம். கூடவே மருத்துவர் தரும் ஆன்டிபயாட்டிக், அதை உணவில் கலந்து கொடுத்தால் நல்லது. தின்பதை நிறுத்திவிட்ட மீனுக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும். வலியின்றி விடைகொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டிய கட்டமும் அதுவே. உயிரோடு கழிப்பறையில் விடுவதும் ஐஸ்பெட்டியில் வைப்பதும் வலியில்லாத வழிகள் அல்ல.

ஒன்றுக்கு டிராப்சி வந்ததால் தொட்டி முழுக்க மருந்து ஊற்றத் தேவையில்லை. இரண்டாவது மீனுக்கும் வந்தால் நீரை மறுபடி சோதியுங்கள்.

## தின்கிறது, ஆனாலும் மெலிகிறது. அல்லது தின்னவே இல்லை

புது மீன் இரண்டு மூன்று நாள் தின்னாமலிருப்பது பயத்தால். விட்டுவிடுங்கள். பழைய மீன் உணவை வாயில் வாங்கித் துப்பினால் முதலில் உணவு டப்பா திறந்து எத்தனை மாதமாயிற்று என்று பாருங்கள்.

கழிவு வெள்ளை நூலாகத் தொங்குகிறதா? பட்டினி கிடக்கும் மீனுக்கும் அப்படித்தான் வரும், வெறும் சளி. நன்றாகத் தின்றும் அப்படி வந்து, முதுகு கத்தி போலக் கூர்ந்தால் குடலில் ஒட்டுண்ணி. ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கார் வகைகளுக்கு அடிக்கடி வரும். மெட்ரோனிடசோல் இதற்கான மருந்து. அளவு மருத்துவர் சொல்ல வேண்டும்.

மீன் அசையாமல் நிற்கும்போது மலவாயில் சிவப்பு நூல் இரண்டு மூன்று எட்டிப் பார்த்து, நீந்தியதும் உள்ளே போய்விடுகிறதா? கமலானஸ் புழு. கப்பி, மோலி தொட்டிகளில் அதிகம் பார்க்கிறேன். பிராசிகுவான்டல் இதைத் தொடாது, லெவமிசோல் வேண்டும். மருந்து புழுவை மரத்துப்போகச் செய்யும், மீன் அதைக் கழித்துவிடும். மறுநாளே தரையைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்காவிட்டால் மற்ற மீன் தின்றுவிடும். இரண்டு மூன்று வாரத்தில் மறுமுறை போடுங்கள்.

மெலிவோடு முதுகெலும்பும் வளைந்து, மாதத்துக்கொன்றாகச் செத்துக்கொண்டிருந்தால் மீன் காசநோயாக இருக்கலாம். இதில் உங்கள் கையும் சேர்த்தி. அந்தக் கிருமி கையிலுள்ள வெட்டுக்காயம் வழியாக மனிதருக்கும் தோல் புண் உண்டாக்கும். நீண்ட கையுறை போடுங்கள், குழாயை வாயால் உறிஞ்சி நீர் எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். கையில் ஆறாத கட்டி வந்தால், மீன் தொட்டி வைத்திருப்பதை உங்கள் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தோன்றாது.

## கண் பிதுங்கி நிற்கிறது

ஒரு கண் என்றால் அடி. சுத்தமான நீரில் இரண்டு வாரம் விடுங்கள். இரண்டு கண்ணும் என்றால் உள்ளே தொற்று, அல்லது நீண்டநாள் மோசமான நீர். கூடவே வயிறும் உப்பினால் டிராப்சிப் பகுதிக்குப் போங்கள்.

## பார்த்துப் பயப்பட வேண்டாதவை

நியான் டெட்ரா இரவில் நிறம் வெளுக்கும், விளக்கு போட்டுச் சில நிமிடத்தில் திரும்பும். க்ளௌன் லோச் செத்தது போல ஒருக்களித்துப் படுத்துத் தூங்கும். இதற்காக நள்ளிரவில் எனக்குப் படம் அனுப்பியவர்கள் உண்டு. ஃபைட்டர் மேற்பரப்பில் நுரை கட்டுவது நோயல்ல, கூடு.

## தனித் தொட்டியும் மருந்துக் கணக்கும்

தனித் தொட்டிக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரு பிளாஸ்டிக் பெட்டி, ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு துண்டுக் குழாய், ஸ்பாஞ்ச் ஃபில்டர். அந்த ஸ்பாஞ்ச் எப்போதும் பெரிய தொட்டியின் மூலையில் ஓடிக்கொண்டிருக்கட்டும், அவசரத்தில் பாக்டீரியாவோடு கிடைக்கும். புது மீன் வாங்கினால் 4 வாரம் இதில் வைத்துப் பார்த்தபிறகே பெரிய தொட்டிக்கு விடுங்கள்.

நீளம், அகலம், நீர் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 60க்கு 30 தொட்டியில் நீர் 27 உயரம் நின்றால் 48.6. மண்ணும் கல்லும் போக 43 என்று வையுங்கள். தொட்டி அட்டையில் போட்டிருக்கும் அளவை நம்பி மருந்து போடுவதால்தான் பலருக்கும் அளவு மீறுகிறது. இரண்டு மருந்தை ஒரே நேரத்தில் போடாதீர்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது நடுவில் பாதி நீரை மாற்றி, ஒரு நாள் கரி ஓடவிட்டு எடுங்கள்.

## மருத்துவரிடம் போகும்போது

மீன் நோய் பார்க்கும் கால்நடை மருத்துவரோ மீன்வளக் கல்லூரி ஆய்வகமோ, எதுவானாலும் இரண்டு புட்டி எடுத்துப் போங்கள். ஒன்றில் தொட்டி நீர், இன்னொன்றில் நீங்கள் மாற்றும் குழாய் நீர். மீன் நீந்துவதை ஒரு நிமிட வீடியோவாக, பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் எந்த மருந்து எவ்வளவு போட்டீர்கள் என்பதை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள்.

நோயுள்ள மீனை உயிரோடு கொண்டுபோக முடிந்தால் மேல். இறந்துவிட்டால் உறைய வைக்காதீர்கள். உறைந்தால் திசு சிதைந்து மைக்ரோஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. ஈரத் தாளில் சுற்றி, பைக்குள் போட்டு, ஐஸ் மேல் வைத்து, சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.